கிழக்கே ஆவுடைத்தங்கம் வீடு

உக்காருங்கம்மா, தாராளமா உக்காருங்க. பஸ்ல மூணு பேரு சீட்டுதானே இது. நான் எந்திரிச்சு நிக்கவா? வேண்டாமா? அப்பஞ் சரி. அந்த வயர்கூடையை நடுவுல வையுங்க. ம்ம், அப்படித்தான். கூடைக்கு மேற்கே நீங்க, கிழக்கே நான். ஒரு வில்லங்கமும் கிடையாது.

சிரிக்கிய. என்ன செய்யச் சொல்லுதிய, தொழில் அப்படி. முப்பத்தாறு வருஷமா பத்திரம் எழுதுதேன். எங்க ஊரு பத்திர ஆபீஸ் வாசல்ல மாசானமுத்துன்னு கேட்டா காக்கா கூட வழி காட்டும். ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்தாலே எனக்கு நான்கெல்லை எழுதணும்னு கை அரிக்கும். நான்கெல்லை தெரியும்லா? ஒரு வீட்டை விக்கணும்னா அது எங்க இருக்குன்னு எப்படிச் சொல்லுவிய? வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் காலிமனை, மேற்கே இது, கிழக்கே இது, இதுக்கு உட்பட்டதுன்னு எழுதுவோம். நாலு பக்கத்து ஆளையும் சொன்னாத்தான் நடுவுல உள்ளவன் ஆளு. இல்லேன்னா அவன் வெறும் ஆகாசம்.

இன்னைக்கு ஒரு அவசர சோலியாப் போறேன். சொந்த சோலி இல்ல, தொழில் சம்பந்தம். ஒரு பொம்பளைக்கு ஒரு விஷயத்தை அறிவிக்கணும், அவ்வளவுதான். சட்டை புதுசான்னு பாக்கியளா? புதுசுதான். ஆபீஸ் விஷயமாப் போகும்போது நறுவிசாப் போகணும்லா. தலைக்கு டை நேத்து அடிச்சது. அது மாசாமாசம் அடிக்கதுதான். காதுல ஒட்டிருக்கா? எந்தக் காது? தேச்சாப் போக மாட்டேங்கே. சவத்த விடுங்க. இந்தப் பொட்டலமா? கருப்பட்டி மிட்டாய், அரைக் கிலோ. கட்சிக்காரங்களைப் பாக்கப் போகும்போது வெறுங்கையோட போற வழக்கம் எனக்குக் கிடையாது. இல்லம்மா, இதுக்கு முன்னால யாருக்கும் வாங்கிட்டுப் போனதில்ல. இன்னைலேருந்துதான் அந்த வழக்கம்.

ஆளைக் கண்டுபிடிக்கதுல என்னைய மிஞ்ச ஒரு ஆளு கிடையாது, பெருமைக்குச் சொல்லல. பெருமைக்குத்தான் சொல்லுதேன், என்ன இப்ப! போலீஸ்காரன் போட்டோ கேப்பான். ஜோசியன் நட்சத்திரம் கேப்பான். எனக்கு ஒரு சர்வே நம்பர் குடுத்தாப் போதும். எங்க பக்கம் ஒரு ஆளு, பேரு வேண்டாம், பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு ஓடிட்டான். பதினோரு வருஷம். அந்தப் பொம்பளை கோயில் கோயிலாச் சுத்திக் குறி கேட்டா. நான் கேட்டேன், "ஏம்மா, உம் புருசனுக்கு என்ன பழக்கம்?" "யாரு உதவின்னு கேட்டாலும் இல்லேன்னு சொல்ல மாட்டாரு"ன்னா. அந்தானிக்கு எனக்குப் பொறி தட்டிட்டு. அப்படிப்பட்ட ஆளு எந்த ஊருல இருந்தாலும் அடுத்தவன் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போடாம இருக்க மாட்டான். பத்திர ஆபீஸ் பக்கம் போனா, "அண்ணாச்சி, ஒரு கையெழுத்து"ன்னு எவனாவது கூப்பிடுவான்லா! எனக்குத் தெரிஞ்ச நாலஞ்சு ஊரு எழுத்தருங்ககிட்ட சொல்லி வச்சேன். ஆறே மாசம். ராஜபாளையத்துப் பக்கம் ஒரு கிரயப் பத்திரத்துல ரெண்டாவது சாட்சியா, தகப்பனார் பேரு கதவிலக்கத்தோட உக்காந்திருக்கான் மகராசன். அந்தப் பொம்பளை விளக்குமாத்தோட பஸ் ஏறுனா. அது வேற கதை.

இப்பப் போற விஷயத்துக்கு வாரேன். அறிவிப்புக் குடுக்கணும்னு சொன்னேன்லா, அந்தப் பொம்பளை பேரு ஆவுடைத்தங்கம்.

என்னம்மா, புரையேறிட்டா? தண்ணி குடிங்க. பைய, பைய. பஸ்காரன் வேற குழி பாத்து விடுதான்.

எங்க பத்திர ஆபீஸுக்கு எதிர்த்தாப்ல அப்ப ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்துச்சு. அவ அங்க சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தா. நாங்க எழுத்தருங்க வரைவை அங்கதான் அடிக்கக் குடுப்போம். அவ அடிச்சா அடித்தல் திருத்தல் இருக்காது கேட்டியளா. பத்துப் பக்கம், பன்னெண்டு பக்கம், ஒரு எழுத்து கூட மேல ஏறி நிக்காது. மூணு வருஷம் தினம் காலையில பதினோரு மணிக்குப் போவேன். வேலை இல்லாத நாளும் போவேன். வேலை இல்லேன்னா பழைய வரைவையே எடுத்துட்டுப் போய், "இன்னொரு தரம் அடிங்க"ன்னு குடுப்பேன். ஒரே தென்னந்தோப்பை அவ ஏழு தரம் அடிச்சிருக்கா. ஏன்னு ஒரு நாள் கேக்கல.

தொண்ணூத்து ரெண்டுல ஒரு நாள், அவளே ரோட்டைத் தாண்டி வந்தா. ஒரு படிவத்தை என் மேசையில வச்சா. கல்யாணப் பதிவுப் படிவம். அதையும் எங்க ஆபீஸ்லதானே பதியுதாவ. பொண்ணு பக்கம் பூரா டைப் அடிச்சிருக்கா. பேரு ஆவுடைத்தங்கம், தகப்பனார் சங்கரபாண்டியன், வயசு இருபத்தெட்டு. மாப்பிள்ளை பக்கம் வெறுமனே கெடக்கு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இதை நிரப்பித் தாங்க"ன்னா.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவ படிவத்துல ரெண்டு தப்பு இருந்துச்சு. அவ தப்பு அடிச்சு நான் பாத்ததே அன்னைக்குத்தான். தாலுகா பேரு விட்டுப் போயிருந்துச்சு, பொறந்த தேதியில மாசத்தை முன்னால போட்டிருந்தா. ரெண்டையும் சிவப்பு மையில சுழிச்சேன். மாப்பிள்ளை பக்கத்துல ஒரு கோட்டைப் போட்டு, "விவரம் இல்லை, விவரத்துடன் வரவும்"னு எழுதி, கீழ சுருக்கொப்பம் வச்சுக் குடுத்துட்டேன். அந்தத் தேதி மட்டும் அப்படியே போயிருந்தா மனுவைத் திருப்பிருப்பாவம்மா! எவ்வளவு பெரிய வேலை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன்!

அவ அதை வாங்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "சரி"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டா.

ஏம்மா இப்படி நெத்தியில அடிச்சுக்கிடுதிய? எனக்கும் புரிஞ்சுதும்மா. புரியாமலா போகும், நான் என்ன அவ்வளவு மக்கா? ரெண்டு வருஷம் கழிச்சுப் புரிஞ்சுது. வெள்ளன எந்திரிச்சுப் பல்லைத் தேச்சுக்கிட்டு இருக்கேன், திடீர்னு புரியுது. வாயில நுரையோட கைலியோட தெருவுல இறங்கி ஓடுதேன். எங்க அம்மா, "ஏலே கோட்டிக்காரா, எங்கலே ஓடுத?"ன்னு பின்னாலேயே ஓடி வாரா. ஓடி என்ன செய்ய! இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்துல கோழிக்கடை. அவ அப்பாவுக்கு வேலை மாத்தலாகி, குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணி ஒன்றரை வருஷம் ஆயிட்டு. கோழிக்கடைக்காரன் என் வாயைப் பாத்துட்டு நாய் கடிச்சிட்டோன்னு பயந்துட்டான்.

நாலு பேருட்ட விசாரிச்சா தெரிஞ்சிருக்குமேன்னு கேக்கிய. எல்லாரும் இதத்தான் கேப்பாவ. யாருட்டம்மா விசாரிக்க? "நீ யாரு, எதுக்குத் தேடுத?"ன்னு திருப்பிக் கேப்பாவள்லா? என்ன பதில் சொல்ல? ரிக்கார்டு அப்படிக் கேக்காது. ஒரு மனுவை எழுதி வச்சா ரிக்கார்டு தன்னால வாயைத் தொறக்கும். மனுசங்கட்ட கேக்கதை விட ரிக்கார்டுட்ட கேக்கது மரியாதை.

அன்னைலேருந்து தேடுதேன். முப்பத்தோரு வருஷம். எந்த ஊரு வில்லங்கச் சான்று கைக்கு வந்தாலும் கட்சிக்காரன் சொத்தை நான் முதல்ல பாக்க மாட்டேன். வடக்கே யாரு, தெற்கே யாருன்னுதான் பாப்பேன். ஏன்னா ஒரு மனுசி வாங்காம இருக்கலாம், விக்காம இருக்கலாம். யாருக்காவது பக்கத்து வீடா இருந்துதானே ஆகணும்? கம்ப்யூட்டர் வந்த பெறகு ஓட்டர் லிஸ்ட்டு. அதுலதான் மண்ணு விழுந்துச்சு. தேடுத இடத்துல தந்தை பேரு அல்லது கணவர் பேரு போடுன்னு வரும். நான் கணவர் பேருன்னு முடிவு பண்ணிருவேன். யாரு கணவர்? எனக்கு எப்படித் தெரியும்? ராமசாமின்னு போட்டுப் பாப்பேன். பாலகிருஷ்ணன்னு போட்டுப் பாப்பேன். பேச்சிமுத்து, முருகேசன், சாமுவேல் எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. ஒவ்வொரு பேரையும் போடும்போது வயிறு எரியும். எவனோ ஒருத்தன் பொண்டாட்டியாவே அவளைத் தேடிக்கிட்டு இருந்தேன் பாத்துக்கிடுங்க.

எனக்கா? எனக்கு அமையல. பொண்ணு பாக்கப் போனா நான் அவங்க வீட்டுப் பட்டாவைக் கேட்டுருவேன்.

சிரிங்க, சிரிங்க. போன மாசம் கதை அதை விடச் சிரிப்பு. ஒரு ஆளு தானப் பத்திரம் எழுதணும்னு வந்தான். "இதே மாதிரி எழுதுங்க அண்ணாச்சி"ன்னு மாதிரிக்கு ஒரு கிரயப் பத்திர ஜெராக்ஸை நீட்டுதான். அவன் அத்தை, சிவல்பாறையில பதினாலு வருஷத்துக்கு முன்னால வீடு வாங்குன பத்திரம். நான் வழக்கம் போல நான்கெல்லைக்குப் போனேன். வடக்கே வாய்க்கால் தெரு. தெற்கே வாய்க்கால். மேற்கே இசக்கியம்மன் கோயில் சுவரு. கிழக்கே ஆவுடைத்தங்கம் வீடு.

எம்மா! கண்ணு இருட்டிக்கிட்டு வந்துட்டு. அந்த ஆளு "சுகர் இருக்கா அண்ணாச்சி"ன்னு கேக்கான். இருக்குடா, இப்பத்தான் ஏறுதுன்னேன். அவனுக்குத் தானப் பத்திரம் எழுதுனேன் பாருங்க, அவன் வீடு பாவூர்சத்திரத்துல இருக்கு, அதுக்கும் கிழக்கே ஆவுடைத்தங்கம் வீடுன்னு எழுதிட்டேன். தெற்கேயும் அவ வீடுதான். மேற்கே எழுதும்போது அவனே கையைப் பிடிச்சிட்டான்.

மத்தியானம் சோறு திங்கல. கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடுனேன். அன்னைக்குத்தான், வாழ்க்கையிலேயே முதல் தடவையா, இருக்கட்டும்னு தந்தை பேருன்னு போட்டேன். சங்கரபாண்டியன். தட்டுன உடனே வருதும்மா! சிவல்பாறை, வாய்க்கால் தெரு, கதவிலக்கம் ஒம்போது, ஆவுடைத்தங்கம், தந்தை பேரு சங்கரபாண்டியன். தந்தை பேரு! கணவர் பேரு இல்ல! அந்தக் கதவிலக்கத்துல வேற யாரு யாரு ஓட்டு இருக்குன்னு பாத்தேன். ஒரே ஓட்டு. அவ ஓட்டு மட்டும். அங்க இருந்த அத்தனை பேருக்கும் பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன். "என்ன விசேஷம் அண்ணாச்சி?"ன்னாவ. "இந்தியா ஜெயிச்சிட்டு"ன்னேன். அன்னைக்கு மேட்சே கிடையாது.

அதுக்காக நான் போறேன்னு நெனச்சிராதிய. அவ கல்யாணம் பண்ணா எனக்கென்ன, பண்ணாட்டி எனக்கென்ன. நான் போறது ரெண்டடி விஷயமா.

சொல்லுதேன் கேளுங்க. அந்தக் கிரயப் பத்திரத்துல கிழமேல், அதாவது கிழக்கு மேற்கா, இருபத்து நாலடின்னு போட்டிருக்கு. நான் விடுவேனா? அதுக்கு முந்தின மூலப் பத்திரத்துக்கு நகல் மனு போட்டு வாங்குனேன். அதுல இருபத்து ரெண்டடி! ரெண்டடி எங்கேருந்து வந்துச்சு? மேற்கே கோயில் சுவரு, அதைத் தொட்டா இசக்கி கண்ணைத் தோண்டிருவா. அப்ப கிழக்கேதானே தின்னிருக்கணும்? தின்னிருக்கா, அந்த வீட்டை வாங்குன பொம்பளை. பேரு கற்பகவல்லி. பேரைப் பாருங்க, கற்பகமாம், வல்லியாம். சரியான அமுக்குணியா இருப்பா. தனியா இருக்க பொம்பளைதானே, கேக்க நாதி இல்லேன்னு நெனச்சு, ராவோட ராவா சுவரைத் தள்ளிக் கட்டிருப்பா. கேக்க ஆளு இருக்கு! நான் இருக்கேன்! இன்னைக்குப் போய் அவ வாசல்ல நின்னு, "ஏட்டி கற்பகவல்லி, எடுத்த ரெண்டடியை மரியாதையா விடுட்டி"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன்னா...

என்னம்மா, முகத்தைச் சேலையால மூடிக்கிட்டிய? குலுங்குதியளே. தலை சுத்துதா? ஜன்னல் பக்கம் வாரியளா? சிரிப்பா? இதுல என்னம்மா சிரிப்பு, ஒரு பொம்பளை சொத்து போகுது.

சுவரு எங்க இருக்குன்னு நேருல போய்ப் பாத்தியளான்னு கேக்கியளா? நேருல என்னத்துக்குப் பாக்கணும்? பத்திரம் சொல்லுதே. மனுசன் பொய் சொல்லுவான், பத்திரம் சொல்லாது.

இன்னும் எத்தன ஸ்டாப்பு இருக்கு சிவல்பாறைக்கு? மூணா. வந்துட்டா அதுக்குள்ள? இந்த டிரைவரு ஏன் இப்படிப் பறக்கான்? பைய போனா என்ன கொள்ளை?

அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா. உங்களை இனி நான் பாக்கப் போறதில்ல, அதனால சொல்லுதேன். பத்திரம் பொய் சொல்லாதுன்னேன்லா. சொல்லும்மா. நல்லாச் சொல்லும். நாங்கதான் சொல்ல வைக்கோம். நான்கெல்லையைப் புதுசா எவன் போய்ப் பாக்கான்? பழைய பத்திரத்துல உள்ளதை அப்படியே பாத்து எழுதிருவோம். எங்க ஊருல வீரபாகு வாத்தியாருன்னு ஒருத்தரு, செத்து அறுபது வருஷம் ஆச்சு. இன்னைக்கும் நாலு வீட்டுக்கு அவருதான் வடக்கெல்லை. ஓட்டர் லிஸ்ட்டும் அந்த லட்சணம்தான். எங்க அம்மா போய் ஆறு வருஷம், இன்னும் லிஸ்ட்டுல எனக்கு மேல இருக்கா. நானே அடிக்க மனசில்லாம விட்டுட்டேன்.

அப்ப இவளும் அப்படி இருந்தா? கதவைத் தட்டுதேன், யாரோ வந்து தொறந்து, "அவங்க போய்ச் சேந்து நாலு வருஷம் ஆச்சே"ன்னு சொன்னா நான் என்னம்மா செய்வேன்? லிஸ்ட்டுல இருக்க வரைக்கும் எனக்கு அவ இருக்கா. ஒரு மாசமா பயந்து சாகுதேன். இது நாலாவது தடவை டிக்கெட் எடுத்தது. மூணு தடவை பாதி வழியில இறங்கித் திரும்பி வந்துட்டேன். ரெண்டடியாவது மண்ணாங்கட்டியாவது! அவ முகத்தை ஒரே ஒரு தரம் பாத்தாப் போதும்மா. "அன்னைக்கு நான் மடையனாட்டு இருந்துட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்கு அவ உயிரோட இருக்கணும்.

பாருங்க, இவ்வளவு நேரம் நானே பேசிக்கிட்டு வாரேன். நீங்க எங்க இறங்கணும்னு கூடக் கேக்கல. எந்த ஊரு?

சிவல்பாறையா! அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எந்தத் தெரு?

வாய்க்கால் தெரு. சரி. வாய்க்கால் தெரு நீளமான தெருவா இருக்கும், எத்தனையோ வீடு இருக்கும். கதவிலக்கம்?

எட்டா.

எட்டுன்னா, ஒம்போதுக்கு அடுத்தாப்ல... மேற்கே கோயில் சுவரு இருக்குமே, அந்த... அம்மா, உங்க பேரைச் சொல்லாதிய. வேண்டாம், சொல்லாதிய. எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஏ யப்பா! அமுக்குணின்னு நான் சொன்னது பொதுவாச் சொன்னதும்மா. உலகத்துல எத்தனையோ கற்பகவல்லி இருக்காவள்லா. அந்த "ஏட்டி"யை மன்னிச்சிருங்க தாயி. தானப் பத்திரம் எழுத வந்தவன் உங்க அண்ணன் மகனா? தங்கமான ஆளு. பத்திரத்தை வாங்கிட்டுப் போய் இன்னும் திருப்பித் தரலையா? தந்துருவான்.

என்னது, சுவரே கிடையாதா? ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சுவரே கட்டலையா? ஒரே முற்றம்தானா? அப்ப அந்த ரெண்டடி? கறிவேப்பிலை நிக்குதா. ரெண்டு பேரும் பறிக்கியளா. யாரு நட்டது? அவளா?

அம்மா, நில்லுங்க. பறிக்கோம்னு சொன்னிய. பறிச்சோம்னு சொல்லல. அப்ப அவ இருக்காளா?

இருக்காளா! நல்லா இருக்காளா! இன்னைக்குக் காலையில உங்க வீட்டுக்குச் சட்னி அரைச்சுக் குடுத்தாளா! காரமா இருந்துச்சா! ஏ யப்பா. ஏ யப்பா. ஏ, முன் சீட்டு அண்ணாச்சி, உங்களுக்குக் கருப்பட்டி மிட்டாய் பிடிக்குமா? எடுத்துக்கிடுங்க. கண்டக்டருக்கும் ஒண்ணு குடுங்க. என்ன விசேஷமா? இந்தியா ஜெயிச்சிட்டுவே! கண்ணுல ஒண்ணும் இல்லம்மா, டை வேர்வையில இறங்குது.

என்ன வேலை பாத்தா? யூனியன் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா? ரிடையர் ஆயிட்டாளா? எம் பேரை எப்பவாவது... சொல்லிருக்காளா? சிவப்பு மை விஷயத்தையா சொன்னா? தெருப் பொம்பளைக எல்லாருக்கும் தெரியுமா? சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளா? சிரிக்கட்டும், நல்லாச் சிரிக்கட்டும். சிரிச்சுட்டு? சிரிச்சு முடிச்சுட்டு என்ன செய்வா?

உள்ள போயிருவாளா. கொஞ்ச நேரம் வெளிய வர மாட்டாளா.

யாருக்கும்மா போன் போடுதிய? வேண்டாம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்புடுதேன், போடாதிய. நான் பையப் போய்ப் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். அம்மா! மணி அடிக்குது. எடுத்துட்டா. அது அவ குரல்தான். ஒரு ஹலோவுலேயே தெரியுதே! ஏம்மா, "அக்கா, மாசானமுத்துன்னு ஒருத்தரு பஸ்ல எங்கூட வாராவ"ன்னு இப்படிப் பொட்டுன்னு போட்டு உடைக்கியளே, ஒரு முன்னுரை வேண்டாமா?

என்ன சொல்லுதா? கட் ஆயிட்டா? டவர் இல்லையா? டவர் இருக்கா. அப்ப அவளே வச்சிட்டாளா.

வச்சிட்டா. முடிஞ்சு போச்சு. நான் சொன்னேன்லா போடாதியன்னு. முப்பத்து மூணு வருஷக் கோவம்மா, அது ஒரு போன்ல போயிருமா? என் மேலதான் தப்பு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தேன், புதுச் சட்டையும் மிட்டாயுமா! கண்டக்டரய்யா, இந்த ஸ்டாப்ல நிறுத்துங்க, நான் இறங்கிக்கிடுதேன். பையை விடுங்கம்மா. விடுங்கன்னா. ஒரு ஆம்பளை பையைப் பிடிச்சு இழுக்கியளே, நாலு பேரு பாக்காவ. நான் இறங்கி அடுத்த பஸ்ல ஊருக்குப் போயிருதேன். அவ நல்லா இருக்கா, அது தெரிஞ்சுக்கிட்டேன், அது போதும் எனக்கு.

விசில் ஊதிட்டான். கிளப்பிட்டான். சரி, போங்க, கொண்டு போங்க.

அந்தா தெரியுதே புளிய மரம், அதுதான் சிவல்பாறை ஸ்டாப்பா? யாரோ நிக்காவ. இந்த வேகாத வெயில்ல, குடை கூட இல்லாம. அது யாரும்மா? தலை பூரா நரைச்சிருக்கு. கால்ல செருப்பு இல்ல. இடுப்புல ஈரத் துண்டு சொருகிருக்கு, கையில என்னது அது, கரண்டியா? உங்க தெருவுக்கும் இந்த ஸ்டாப்புக்கும் எவ்வளவு தூரம்? ரெண்டு பர்லாங்கா? அவ போனை வச்சு அஞ்சு நிமிசம் ஆகலையேம்மா. ஓடியா வந்திருக்கா?

ஓடித்தாம்மா வந்திருக்கா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குதா. பஸ் நிக்கதுக்குள்ள பக்கத்துல வந்துட்டா, விழுந்துறப் போறா, டிரைவரய்யா, பாத்து, பாத்து! முன்னாலேருந்து வாரா. ஒவ்வொரு ஜன்னலா எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு வாரா. தேடுதாம்மா. என்னையத் தேடுதா.